வெள்ளைக்கோட்டுக் கலகக்காரர்கள் – 8: பிரெஸ்ட் நகரத்து டாக்டர்

போன வாரம் பார்த்த ஃபிரான்சஸ் கெல்சிக்கு ஒரு வசதி இருந்தது. அவர் அரசாங்க அதிகாரி. 'ஆதாரம் போதாது' என்று தாலிடோமைடு என்ற மருந்தின் கோப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தார். அந்த மருந்து அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வரவே இல்லை. இந்த வாரம் வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் சந்தேகப்பட்ட மாத்திரை முப்பது வருடமாக பிரான்சின் மருந்துக் கடைகளில் இருந்தது. அதன் விலையில் 65 சதவீதத்தை அரசுக் காப்பீடு திருப்பிக் கொடுத்தும் வந்தது.

மாத்திரையின் பெயர் மெடியேட்டர். செர்வியே என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தயாரிப்பு. 1976இல் சந்தைக்கு வந்தது. அட்டையில் எழுதியிருந்தது கொழுப்புக்கும், உடல் பருத்த சர்க்கரை நோயாளிகளுக்கும் என்று. ஆனால் பசி அடங்கும் என்று கேள்விப்பட்டு, இடுப்பில் நாலு கிலோ குறைந்தால் போதும் என்று வந்தவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 50 லட்சம் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இரேன் ஃபிராஷோன் நுரையீரல் மருத்துவர். பிரான்சின் மேற்குக் கோடியில், கப்பற்படைத் துறைமுகமான பிரெஸ்டில், அரசுப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலை. 2007 பிப்ரவரியில் ஒரு பெண் நோயாளியைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். பருத்த உடல், மூச்சு வாங்குகிறது, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கடுமையாக ஏறியிருக்கிறது. அபூர்வமான நோய், வந்தால் ஆளை விடாத நோய். அந்தம்மா சாப்பிடும் மருந்துகளின் பட்டியலில் மெடியேட்டர் இருந்தது.

வேறு டாக்டராக இருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார். ஃபிராஷோன் தாண்ட முடியாததற்கு இரண்டு காரணங்கள். 1990களின் தொடக்கத்தில் பாரிஸை ஒட்டிய கிளாமாரில் பயிற்சியில் இருந்தபோது, இதே நோயோடு வந்த இளம்பெண்களை அவர் பார்த்திருந்தார். அவர்கள் சாப்பிட்டது இசோமெரிட் என்ற இளைக்கும் மாத்திரை. அதுவும் செர்வியே தயாரிப்புதான். இன்னொரு காரணம், அவர் 'பிரெஸ்க்ரீர்' படிப்பவர். மருந்துக் கம்பெனி விளம்பரம் ஒன்றுகூட வாங்காமல் சந்தாவை மட்டுமே நம்பி நடக்கும் மருத்துவப் பத்திரிகை அது. இசோமெரிட்டும் மெடியேட்டரும் நெருங்கிய சொந்தம் என்று அது பல வருடங்களாக எழுதிக்கொண்டிருந்தது.

சொந்தம் என்றால் என்ன? இரண்டையும் விழுங்கினால் உடம்பு அவற்றை உடைத்து ஒரே பொருளை உண்டாக்குகிறது: நார்ஃபென்ஃபுளூரமின். அது நுரையீரலோடு நிற்பதில்லை. இதய வால்வுகளின் செல்களில் செரட்டோனின் என்ற ரசாயனம் வந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பொருள் அங்கே போய் உட்கார்ந்து, 'வளரு, வளரு' என்று தூண்டுகிறது. வால்வு என்பது ஒருபக்கமாக மட்டும் திறக்கும் மெல்லிய கதவு. அது தடித்து, விறைத்து, சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் வந்த வழியே கசிகிறது. இந்தச் சேதம் அமெரிக்காவில் தெரிய வந்ததும் 1997 செப்டம்பரில் இசோமெரிட்டும் அதன் வகையறாவும் உலகம் முழுக்க நிறுத்தப்பட்டன. மெடியேட்டர் மட்டும் பிழைத்துக்கொண்டது. இது பசியடக்கி அல்ல, வளர்சிதை மாற்றத்தைச் சீராக்கும் மருந்து என்பது கம்பெனியின் வாதம். பிரான்சின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் தலையாட்டியது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1999இலேயே மார்செய் நகர இதய மருத்துவர் ஜார்ஜ் ஷீஷ், மெடியேட்டர் சாப்பிட்ட ஒருவருக்கு வால்வு கெட்டிருப்பதை எழுத்துமூலம் அறிவித்தார். அந்தக் கடிதம் கோப்போடு கோப்பாகக் கிடந்தது.

ஃபிராஷோன் செய்ததை நான் விரிவாகச் சொல்ல விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. 'இங்கிலீஷ் மருந்தே விஷம்' என்று கேமரா முன் உட்கார்ந்து பேசும் வெள்ளைக்கோட்டுக்காரர்களுக்கு இன்று கைதட்டல் அதிகம். தங்களை எதிர்த்தால் 'மருந்து மாஃபியாவின் ஆள்' என்றுவிடுவார்கள். 'என்னிடம் குணமானவர்களைப் பாருங்கள்' என்று நாலு பேரைக் காட்டுவார்கள். ஃபிராஷோன் கையிலும் முதலில் நாலைந்து நோயாளிகள்தான் இருந்தார்கள். அது போதாது என்று அவருக்குத் தெரியும். குண்டான, சர்க்கரை உள்ள, வயதான ஒருவருக்கு இதயம் கெட ஆயிரம் காரணம் இருக்கலாம்.

அதனால் இதய மருத்துவர் யானிக் ஜோபிக் போன்ற சக டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய கோப்புகளைத் தோண்டினார். பார்த்தது 682 பேரின் கோப்புகள். மைட்ரல் வால்வு கசிவதற்கு வழக்கமான காரணங்கள் உண்டு: சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், மாரடைப்பு, வால்வின் இயல்பான தேய்மானம். எந்தக் காரணமும் பிடிபடாமல் கசிந்தவர்கள் 27 பேர். பக்கத்தில், காரணம் தெரிந்த கசிவுள்ள 54 பேரை ஒப்பிட நிறுத்தினார்கள். இரு தரப்பிடமும் ஒரே கேள்வி: மெடியேட்டர் சாப்பிட்டீர்களா? 27 பேரில் 19 பேர் ஆமாம். 54 பேரில் 3 பேர். எடை, சர்க்கரை, முன்பு சாப்பிட்ட இசோமெரிட் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் ஆபத்து ஏறக்குறைய 17 மடங்கு.

கேமரா டாக்டர்களிடம் நான் கேட்பது அந்த 54 பேரைத்தான்.

இவ்வளவு கையில் இருந்தும், தலைநகரத்து அதிகாரிகளிடம் கடைக்கோடி ஊர் டாக்டருக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று ஊகிக்கலாம். 2009இல் கம்பெனி முதலாளி ஜாக் செர்வியேவுக்கு பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெஜியன் தோனரின் கிராண்ட் கிராஸை அதிபர் சார்கோஸி அணிவித்தார். அரசியலுக்கு நடுவே வக்கீலாக இருந்த காலத்தில் சார்கோஸி செர்வியேவுக்காக வேலை பார்த்தவர் என்பது கூடுதல் தகவல். அதே வருடம் நவம்பரில் மெடியேட்டர் நிறுத்தப்பட்டது. சத்தமில்லாமல். முப்பது வருடமாக அதைச் சாப்பிட்டவர்களிடம் 'போய் இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்' என்று சொல்ல ஆளில்லை.

ஃபிராஷோனைக் கொதிக்க வைத்தது இந்த மௌனம்தான். 2010 ஜூனில் பிரெஸ்டின் ஒரு சின்னப் பதிப்பகம் அவர் புத்தகத்தை வெளியிட்டது: 'மெடியேட்டர் 150 மி.கி.'. துணைத் தலைப்பு, 'எத்தனை சாவுகள்?'. செர்வியே நீதிமன்றம் போனது. அந்தக் கேள்வியை அட்டையிலிருந்து எடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2011 ஜனவரியில் மேல்முறையீட்டில் தடை நீங்கியது. ஒரு கேள்வியை மறைக்க நீதிமன்றம் வரை போனால் ஊர் முழுக்க அதையே கேட்கும் என்று அந்த வக்கீல்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பதிலைத் தேடியவர்களில் ஒருவர் ஜெரார் பாப்ட். அவர் எம்.பி., இதய மருத்துவரும்கூட. 2010 நவம்பரில் அரசுக் காப்பீட்டின் தரவை வைத்து ஒரு மதிப்பீடு வந்தது: குறைந்தது 500 சாவுகள். பிந்தைய மதிப்பீடுகள் ஆயிரத்தைத் தாண்டின. சாவு மூன்றுதான் என்று முதலாளி தன் ஊழியர்களிடம் சொன்னதாகப் பத்திரிகைகள் எழுதின. சுகாதாரத் துறையின் ஆய்வு அமைப்பு 2011 ஜனவரியில் தந்த அறிக்கை, 1999இலேயே நிறுத்தியிருக்கலாம் என்றது. அதாவது ஷீஷ் எழுதிய வருடம். கட்டுப்பாட்டு அமைப்புக்கும் கம்பெனிக்கும் இடையே நிபுணர்கள் இரு பக்கமும் காலை வைத்திருந்ததும் வெளியே வந்தது. அந்த வருடக் கடைசியில் வந்த புதுச் சட்டம், டாக்டர்கள் கம்பெனிகளிடம் வாங்குவதைப் பகிரங்கமாக்கியது.

வழக்கு இழுத்தது. ஜாக் செர்வியே 2014இல், தீர்ப்பைப் பார்க்காமலே, 92 வயதில் இறந்துபோனார். 2021 மார்ச் 29 அன்று பாரிஸ் நீதிமன்றம் கம்பெனியை ஏமாற்று, கவனக்குறைவால் உயிரிழப்பு ஆகிய குற்றங்களுக்குக் குற்றவாளி என்றது. அபராதம் 27 லட்சம் யூரோ. பல வருடம் கோடிக்கணக்கில் விற்ற கம்பெனிக்கு அது சில்லறை. கண்ணை மூடிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அமைப்புக்கும் 3 லட்சத்து 3 ஆயிரம் யூரோ. 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கம்பெனியின் அபராதத்தை 90 லட்சத்துக்கு மேல் ஏற்றியதோடு, காப்பீட்டு நிதியிலிருந்து போன 41.5 கோடி யூரோவையும் திருப்பிக் கட்டச் சொன்னது. எனக்கு அந்த இரண்டாவது எண்தான் உறைத்தது. விஷத்துக்கு விலை கொடுத்தது மக்கள் பணம்.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். இசோமெரிட்டின் வகையறாவான ஃபென்ஃபுளூரமின் இப்போது திரும்பி வந்திருக்கிறது, இளைப்பதற்கு அல்ல. டிராவே சிண்ட்ரோம் என்று குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கடும் வலிப்பு; பல மருந்துக்கும் அடங்காது. அதற்கு இந்த மருந்து கேட்கிறது. 2020இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதித்தன. அமெரிக்கா அப்போது வைத்த நிபந்தனை இது: தொடங்கும் முன் ஒரு எக்கோ, சாப்பிடும் காலம் முழுக்க ஆறு மாதத்துக்கு ஒரு எக்கோ, நிறுத்திய பிறகும் ஒன்று.

(தொடரும்)