வீட்டுக்கடியில் – 11: தரை தாழ்ந்த ஊரில் கழிவுக்குழாய்

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து வண்டூருக்குப் போகும் வழியில் சிப்பிகாட் வரும். சாலையோரம் விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்த்து ஏரி என்று நினைத்துக்கொள்ளும் பயணிகள் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை வரை அங்கே வயல் இருந்தது. சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய நிலநடுக்கம் கடலடிப் பாறையைப் பிளந்துகொண்டு வடக்கே அந்தமான் வரை ஓடியது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரை மேலெழுந்து, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. தெற்கு அந்தமானோ ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. வண்டூர்க் கடற்கரையில் பட்டுப்போய் நிற்கும் பெரிய மரங்கள் அந்த இறக்கத்துக்குச் சாட்சி.

தரை இறங்கினால் வீட்டுக் கழிவுக்குழாய் என்ன ஆகும்? சென்ற வாரம் சென்னை வீட்டுக் குழாய் தெருச் சாக்கடையோடு சேரும் இடத்தைப் பார்த்தோம். வண்டூரில் அப்படிப் போய்ச் சேரத் தெருவுக்கடியில் ஒன்றும் இல்லை. கழிப்பறையிலிருந்து சேம்பர், சேம்பரிலிருந்து செப்டிக் டேங்க், அங்கிருந்து உறிஞ்சு குழி. அதற்கப்புறம் மண்தான் குடிக்க வேண்டும்.

கரையோரத் தாழ்வில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஊற்றினால் கழிப்பறை களகளவென்று சத்தம் போடுகிறது, இறங்க மறுக்கிறது. குழாய் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டி முற்றத்தைக் கொத்தத் தொடங்குவார்கள். நான் தடுப்பது அந்த இடத்தில்தான். நாலு அங்குலக் குழாய்க்கு வழக்கமான வாட்டம் நாற்பதுக்கு ஒன்று. பத்து மீட்டர் ஓட்டத்துக்கு 25 சென்டிமீட்டர். வீடும் முற்றமும் டேங்கும் ஒன்றாகவே ஒரு மீட்டர் இறங்கினால் இந்த வாட்டம் மாறாது. கொத்தனார் டியூப் லெவல் பிடித்துப் பார்த்தாலும் கணக்கு சரியாகவே வரும். மாறியது குழாய் அல்ல, அதைச் சுற்றியுள்ள நீர்மட்டம். நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வந்துவிட்டால் உறிஞ்சு குழி வேண்டாம், மண்மேடு கட்டி அதற்குள் கழிவுநீரைப் பரப்பு என்கிறது இந்தியத் தர நிர்ணய விதி. ஒரு மீட்டர் இறங்கிய தரையில், முன்பு விதிப்படி சரியாக வெட்டிய குழிகூட இன்று தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே முதல் கருவி நாள்காட்டி. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் அடைத்துக்கொண்டு வற்றத்தில் சரியாகிவிடும் கழிப்பறைக்கு மண்வெட்டி தேவையில்லை. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, சேம்பர் சுவரில் நீர்மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமலே விடியற்காலையில் கோடு மூழ்கியிருந்தால், வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

கோடு அசையவில்லையா? அப்போது குழாயைச் சந்தேகிக்கலாம். ஒரு கழிப்பறை மட்டும் தகராறு செய்தால் அதன் டிராப்பை, அதாவது நீர் தேங்கும் வளைவை, பாருங்கள். எல்லாமே மந்தமானால் பிரதான லைன். சேம்பர் வறண்டிருக்க, கழிப்பறை நிரம்பி நின்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவே. சேம்பரும் நிரம்பியிருந்தால் அதற்கு அப்பால். உள்ளே கேமரா விட்டுப் பார்க்க இங்கே ஆள் தேட வேண்டும். ஆனால் பழைய விதிப்புத்தகச் சோதனைகள் இன்னும் பொய்க்கவில்லை. ஒரு சேம்பரில் விளக்கு, அடுத்ததில் கண்ணாடி: முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது, பிறைபோல் தெரிந்தால் நடுவில் தொய்வோ அடைப்போ இருக்கிறது. கீழ் முனையை ரப்பர் அடைப்பானால் மூடி, மேல் சேம்பரில் நீர் நிரப்பி மட்டம் குறைகிறதா என்று பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஆசிட் ஊற்றி வேலையை முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேங்கில் கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள்தான் முதலில் சாகும்.

நிலநடுக்கத்தில் குழாய் உடைந்திருந்தால் பெரும்பாலும் டேங்கின் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் உடைந்திருக்கும். கனமான டேங்கும் லேசான குழாயும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. சிமெண்ட் பூசி இறுக்கிய பழைய பீங்கான் குழாய் மூட்டுகளும் இப்படித்தான் விரியும். அந்த மயிரிழை வெடிப்பில் மரவேர் நுழைந்துவிட்டால் பிறகு ஆண்டுதோறும் அடைப்பு. உடைந்த துண்டை நல்ல குழாய் தெரியும்வரை வெட்டி எடுத்து, பி.வி.சி. துண்டு வைத்து, இரண்டு பக்கமும் கப்ளர் போட வேண்டும். டேங்கின் சுவரருகே மட்டும் ரப்பர் ரிங் மூட்டு. நிலநடுக்க வரைபடத்தில் அந்தமான் மிக ஆபத்தான மண்டலம். மூட்டு கொஞ்சம் அசைய இடம் கொடுப்பது சோம்பேறித்தனமான வேலை அல்ல.

2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்துக்குப் பிறகு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்தது வேறு வகை. அங்கே மண் குழம்பாகி, தரை சமமில்லாமல் இறங்கி, வாட்டமே கெட்டுப்போனது. குழாய்களில் வண்டல் புகுந்தது. மக்கள் மாதக்கணக்கில் தெருவோரத் தற்காலிகக் கழிப்பறைகளை நம்பி வாழ்ந்தார்கள். பிறகு சில பகுதிகளில் வாட்டத்தையே கைவிட்டு, கழிவை உறிஞ்சி இழுக்கும் வெற்றிடக் குழாய்களைப் போட்டார்கள். வண்டூரில் ஒரு தனி வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். டேங்கிலிருந்து வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு, ஒரு சிறிய பம்ப், உயரமான மண்மேடு; கிணற்றிலிருந்து மேடு 18 மீட்டராவது தள்ளி. செலவுதான், மறுக்கவில்லை, பைப்பும் சிமெண்டும் கப்பலேறி வர வேண்டிய ஊர். ஆனால் உடையாத குழாயை ஆண்டுக்கொரு முறை தோண்டுவதும் இனாமாக நடப்பதில்லை. இன்னொன்று: 1983-இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா வாசலிலேயே இருக்கிறது. அதிலுள்ள ஜாலி பாய் தீவுக்குப் போகிறவர் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகக் கூடாது. உறிஞ்சு குழியிலிருந்து கடலுக்குக் கசியும் சத்து பாசியை வளர்த்துப் பவளத்தை மூடும். அதற்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பேன்.

வேலைக்கு நல்ல காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதம் மழை தொடங்கிவிட்டால் டேங்கை முழுக்க இறைக்காதீர்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது காலி டேங்க் மிதந்து எழும், சரிசெய்த மூட்டை அதுவே பிடுங்கிவிடும். இறைப்பதும் இயந்திரத்தால்தான். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு மூச்சு விடும் நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர் என்பதால் உங்களுக்கு விலக்கு கிடையாது.

(தொடரும்)