மேல்மண் இழந்த புஞ்சையும் மண்ணிலுள்ள சூக்ஷ்ம ஜீவிகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பிரதேசங்களில் மேடுபள்ளமான கரிசல் புஞ்சையைச் சமன் செய்யும் குடியானவர், மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டுவதுண்டு. அடுத்த பருவத்தில் பள்ளத்துச் சோளம் செழித்து வளர, வெட்டிய இடத்திலோ பயிர் வெளிறிக் குன்றி நிற்கும். மழையும் விதையும் உழவும் ஒன்றாயிருக்க, இவ்வித்தியாசம் எதனால்? மேல்மண்ணோடு அதிலிருந்த மக்கும், அம்மக்கைச் சிதைத்துப் பயிருக்கு உணவாக்கும் சூக்ஷ்ம ஜீவிகளும் அகன்றுவிட்டமை முக்கிய காரணமாகும். எஞ்சியிருப்பது சுக்கான் கலந்த அடிமண். அது ஏறக்குறையப் புதுமண்ணே.

புதுமண்ணில் உயிர் குடியேறும் முறை பனிப்பிரதேசங்களில் தெளிவாக விளங்குகிறது. அலாஸ்காவிலுள்ள கிளேசியர் விரிகுடா 1794-ம் ஆண்டில் பெரும்பாலும் பனிக்கட்டியால் நிரம்பியிருந்தது. பின்னர் அப்பனி சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிற்று. பனியை ஒட்டிய நிலம் மிகப் புதியது. விலகிச் செல்லச் செல்ல நிலத்தின் வயது கூடும். 1916 முதல் கூப்பர் என்னும் தாவர சாஸ்திரி அங்கே பாத்திகள் குறித்து ஆராய்ந்தார்.

இத்தகைய நிலங்களில் முதலில் குடியேறுவன, காற்றில் வரும் தூசியிலுள்ள மக்கை உண்ணும் பாக்டீரியங்களும், சூரிய வெளிச்சத்தால் உணவு தயாரிக்கும் நீலப்பச்சைப் பாசிகளும் ஆகும். பாசிகளுட் சில ஆகாயத்திலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கின்றன. அடுத்து, வேர்முடிச்சுள்ள ஆல்டர் முதலிய செடிகள் தோன்றுகின்றன. அவற்றின் சருகு பெருகவே, பூஞ்சணங்கள் விருத்தியடைகின்றன. முடிவில் பெருமரங்கள் வளர்கின்றன. அக்குளிரில் இதற்கு ஏறக்குறைய நூறாண்டு செல்லும்.

நம் நாட்டில் வெப்பத்திற்குக் குறைவில்லை. ஈரமும் மக்குமே குறைவு. ஆகவே, ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் மக்கைச் சேர்த்துவிட்டால் சூக்ஷ்ம ஜீவிகள் விரைவிற் பெருகும். குடியானவர்கள் கவனிக்கத் தக்கவை:

1. சமன் செய்யுமுன் அரையடி மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புக.

2. முன்னமே வெட்டிவிட்ட இடத்தில், மழைக்கு முன் கண்மாய்க் கரம்பையும் தொழுவுரமும் இடுக.

3. அவ்விடத்தில் முதல் வருஷம் பருத்தி வேண்டாம். உளுந்து அல்லது பாசிப்பயறு விதைக்க. ஒரு ஹெக்டேர் விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக்கஞ்சியிற் கலந்து பூசி, நிழலில் உலர்த்துக. காய் பறித்தபின் கொடியை அங்கேயே மடக்கி உழுக.

4. பயிர்த்தட்டைகளைக் கொளுத்தலாகாது, அது இச்ஜீவிகளின் உணவு.

ஒரு நாளில் வெட்டியெறியும் மேல்மண்ணை மீண்டும் உண்டாக்கப் பல வருஷங்கள் வேண்டும். அதனை முதலிலேயே காப்பதுதான் செலவு குறைந்த வழி.