ஓரிக்கைத் தறியும் அரசாங்கச் சட்டமும்

காஞ்சிமாநகரின் தென்பால், பாலாற்றங்கரையை அடுத்து ஓரிக்கை என்னும் ஊர் உளது. அப்பெயர்க்கு வைணவப் பெரியோர் ஒரு வரலாறு கூறுவர். திருமழிசையாழ்வாரின் மாணாக்கர் கணிகண்ணர் என்பார். பல்லவ வேந்தன் தன்மேற் பாடல் பெற விழைந்தான். கணிகண்ணர் மனிதரைப் பாட இசைந்திலர். வேந்தன் வெகுண்டு, நகரை விட்டகலுமாறு கட்டளையிட்டான். மாணாக்கர் புறப்பட, ஆசிரியரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் வேண்டியவாறே திருவெஃகாப் பெருமாளும் தமது பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு அவர்கட்குப் பின் சென்றாராம். அன்றிரவு மூவரும் தங்கிய இடம் ‘ஓரிரவு இருக்கை’ எனப்பட்டு, நாளடைவில் ஓரிக்கை என மருவிற்று என்ப. நகர் பொலிவிழக்கக் கண்ட வேந்தன் தன் தவற்றை உணர்ந்து வேண்ட, மூவரும் மீண்டனர்.

இதனை வகுப்பறையிற் கேட்டபோது பக்திச் சுவை மிக்கதொரு கதையென்றே யான் கொண்டேன். சென்ற கிறிஸ்மஸ் விடுமுறையில் அவ்வூரிற் சில நாள் தங்கிய பின்னர், அதனுள் வேறொரு பொருளும் தோன்றலாயிற்று. ஆளுவோன் கட்டளை ஒருவனது நாவையும் தொழிலையும் இருப்பிடத்தையும் எத்துணையளவு கட்டுப்படுத்தலாம் என்பதே அப்பொருள். இக்காலத்து வேந்தன் இல்லை, சட்டமன்றங்கள் உள்ளன. எனினும் வினா ஒழிந்தபாடில்லை.

உடன்பயிலும் நண்பர் ஒருவர் ஓரிக்கையைச் சார்ந்த நெசவாளர் குடியினர். அவர்தம் இல்லத்திற்றான் யான் தங்கினேன். வீட்டின் முற்கூறு முழுமையும் தறியே. தந்தையார் குழியில் கால்களை இறக்கி அமர்ந்து நெய்வார். அன்னையார் ஊடை சுற்றித் தருவார். நண்பரின் தமையனார் தறியின் ஒரு பக்கத்தே அமர்ந்து கரைக்குரிய நாடாவைச் செலுத்துவார். காஞ்சிபுரத்துப் பட்டின் தனிச்சிறப்பாகிய கோர்வை என்பது இதுவே. சேலையின் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். இவ்விரண்டையும் பின்னர்த் தைத்து இணைப்பதில்லை. நெய்யும்பொழுதே உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு செய்கின்றனர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். இருவர் கை வேண்டும். அவ்விருவர் தாளமும் ஒத்திராவிடின் கரை பல்லிளிக்கும் என்று தந்தையார் நகைத்துக் கூறினார்.

ஒருநாள் மாலை தமையனார் என்னை நோக்கி, “தம்பி, நீங்கள் படித்தவர்கள், எனக்கு ஒரு விடை சொல்லுங்கள். கடன் வாங்கியேனும் விசைத்தறி ஒன்று போட்டு, இதே மாதிரிச் சேலையை நெய்ய நினைத்தேன். சட்டம் தடுக்கிறது என்றார்கள். என் வீட்டில், என் பணத்தில், எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்ய எனக்கு உரிமை இல்லையா?” என்றார். தந்தையார் ஒன்றும் பேசாது தறியை நோக்கியிருந்தார். இலக்கணம் பயிலும் மாணவனாகிய யான் அன்று விடை கூற இயலாது நாணினேன். கல்லூரிக்கு மீண்டபின் நூலகத்தில் தேடியறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

தமையனார் குறித்த சட்டம் 1985ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய கைத்தறி உற்பத்திப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டமாகும். சிலவகைத் துணிகளைக் கைத்தறியிலன்றி விசைத்தறியில் நெய்தலாகாது என்பது அதன் கரு. மீறினோர்க்குச் சிறையும் தண்டமும் உண்டு. விசைத்தறி வைத்தலையே அது தடுக்கின்றதென எண்ணுதல் பிழை. ஒதுக்கப்பட்ட வகைகளை அதில் நெய்தலையே தடுக்கின்றது. இவ்வெண்ணம் புதிதன்று. சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே விட்டுவிடுக என்று இராஜாஜி அவர்கள் சென்னை முதலமைச்சராயிருந்த காலத்தே வற்புறுத்தினார். தேங்கிய கைத்தறித் துணியைக் காஞ்சியிற் பிறந்த அண்ணா அவர்களும் அவர்தம் கழகத்தாரும் 1953இல் தோளிற் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர். அரசியலில் எதிரெதிர் நின்றோர் தறியின் துயரில் ஒத்திருந்தமை நினைக்கத்தக்கது.

விசைத்தறி உரிமையாளர் இச்சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் புகுந்தனர். அவர்தம் வாதம் நம் தமையனாரது வினாவே. அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு எத்தொழிலையும் வாணிகத்தையும் நடத்தும் உரிமையை ஒவ்வொரு குடிமகனுக்கும் வழங்கியிருக்க, அரசாங்கம் அதனைப் பறித்தல் யாங்ஙனம்? எனினும் அவ்வுறுப்பே, பொதுமக்கள் நலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் கூறுகின்றது. மேலும் 43ஆம் உறுப்பு ஊர்ப்புறக் குடிசைத் தொழில்களை வளர்க்க அரசு முயலவேண்டுமெனப் பணிக்கின்றது. இவற்றை ஒருங்கு நோக்கி, 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. முதற்கண் ஒதுக்கப்பட்டவை 22 வகைகள். 1996இல் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் முதலியவற்றுட் குறித்த இனங்கள் அப்பதினொன்றுள் அடங்கும்.

ஆகவே தமையனார் உரிமை குறைந்ததா? குறைந்தது, அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் அவர் ஒருவர்க்குள்ள உரிமை அத்தெருவிலுள்ளார் அனைவர்க்கும் உண்டு. பணமுடையார் அனைவரும் அதனைச் செலுத்துவாராயின், அவர் தந்தையார் கோர்வை நெய்து பிழைக்கும் உரிமை ஏட்டில் இருக்கும், கூலி இராது. ஒரு நாளில் விசைத்தறி தரும் துணியோடு விலையிற் போட்டியிட மனிதக் கையால் ஆகுமோ? ஒருவன் உரிமை மற்றொருவன் உரிமையை விழுங்குமிடத்து அரசு வாளாவிருத்தலும் ஒரு பக்கத்தைச் சார்தலேயாம்.

அமெரிக்க நாட்டில் இவ்வாதம் நெடுநாள் நடைபெற்றது. ரொட்டி சுடும் தொழிலாளர் நாளொன்றுக்கு 10 மணிக்கு மேல் உழைத்தலாகாது என நியூயார்க்கு மாகாணம் விதித்ததனை, ஒப்பந்தம் செய்யும் சுதந்தரத்திற்கு மாறானது என 1905இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளிற்று. 1937இல் அதே நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏற்று, தன் பழைய நெறியினின்றும் திரும்பிற்று. ஒழிந்த விவரங்கள் நமக்கு வேண்டா.

நிற்க. இதுகாறும் கூறியதுகொண்டு அரசாங்கச் சட்டமனைத்தும் எளியோர்க்கு அரணென யான் கூறுவதாக எவரும் கருதற்க. 1963இல் வந்த தங்கக் கட்டுப்பாடு 14 காரட்டுக்கு மேற்பட்ட புதுநகை செய்தலைத் தடுத்தது. நாட்டின் அந்நியச் செலாவணியைக் காத்தல் அதன் நோக்கம். பட்டினி கிடந்தவரோ பொற்கொல்லர். தொழிலிழந்து உயிர் துறந்தோரும் உளர். பின்னர் 1968இற் சட்டமாய் நிலைத்த அக்கட்டுப்பாடு 1990இற்றான் நீங்கிற்று. நோக்கம் நன்றாயிருத்தல் போதாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தறியையே எடுத்துக்கொள்வோம். யான் ஓரிக்கையிற் கண்டவற்றுள் என் உள்ளத்தை மிக வருத்தியது விசைத்தறியன்று; முன்பணமே. நண்பரின் தந்தையார் மகள் திருமணத்திற்காக வணிகர் ஒருவரிடம் முன்பணம் பெற்றிருந்தார். அவ்வணிகர் பெயரை யான் கேட்கவுமில்லை, அவர் கூறவுமில்லை. பட்டும் சரிகையும் அவர் தருவார். நெய்த சேலைக்குக் கூலி தருவார். முன்பணம் தீருங்காறும் பிறர்க்கு நெய்தல் கூடாது. கூலியோ பற்றுவரவிலேயே கரைகின்றது. அயலிலுள்ள கூட்டுறவுச் சங்கத்திற் சேரின் சற்று மிகுதியாகக் கிடைக்கும் என்கின்றனர். சேரத்தான் வழியில்லை. கணிகண்ணர்க்கு நகரைவிட்டுச் செல்லவேனும் இயன்றது. இவர்க்குத் தறிக்குழியை விட்டு எழவும் இயலவில்லை.

இம்முன்பணத்தைப் பற்றி இந்நாட்டில் இருவேறு காலத்தே இருவேறு சட்டங்கள் எழுந்தன. முன்னையது ஆங்கிலேயர் ஆட்சியில் 1859இல் இயற்றப்பட்ட 13ஆவது சட்டம். முன்பணம் பெற்ற தொழிலாளி வேண்டுமென்றே வேலை செய்யத் தவறுவானாயின், நீதிபதி அவனைப் பணத்தைத் திருப்பித் தருமாறோ வேலையை முடிக்குமாறோ பணிக்கலாம். இணங்கானாயின் மூன்று மாதம்வரை கடுங்காவலில் இடலாம். கொடுத்த முதலாளிக்குக் கடன் உரிமைவழக்கு. வாங்கிய ஏழைக்கோ அது குற்றவழக்கு! தோட்ட முதலாளிமார் இதனைப் பெரிதும் பயன்படுத்தினர். 1925இற்றான் இதனை நீக்கும் சட்டம் பிறந்தது.

பின்னையது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டம். அது கொத்தடிமைக் கடனை ஒரேயடியாக அழித்தது. அக்கடனைக் காட்டி வேலைக்குக் கட்டாயப்படுத்துவோரைச் சிறைக்கு உரியராக்கியது. கடனுக்காக ஊதியமின்றி உழைத்தல் மட்டுமன்று, முன்பணத்தின் பொருட்டு வேறிடத்து வேலை செய்யும் சுதந்தரத்தை இழத்தலும் கொத்தடிமையே என அதன் விளக்கம் விரிகின்றது. இங்ஙனம் ஒரே முன்பணத்தை முன்வைத்து, ஒரு சட்டம் தொழிலாளியைப் பூட்டிற்று. மற்றொன்று பூட்டைத் திறந்தது. இரண்டும் அரசாங்கச் சட்டங்களே. ‘அரசாங்கக் கட்டுப்பாடு உரிமையைக் காக்குமா, அழிக்குமா’ எனப் பொதுப்பட வினவுவது, ‘கயிறு நன்றோ தீதோ’ என்பது போலும். அது எவர் கையில் எவரைக் கட்டுகிறது என்றன்றோ கேட்டல் வேண்டும்?

இதிலும் ஒரு விந்தை உளது. இப்பின்னைச் சட்டத்திற்கு முன்னோடியாகிய அவசரச் சட்டம் 1975 அக்டோபரிற் பிறந்தது. அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் அரசாங்கம் நெருக்கடி நிலையை அறிவித்து, எதிர்க்கட்சித் தலைவரைச் சிறையிட்டு, செய்தித்தாள்களைத் தணிக்கை செய்து, அடிப்படை உரிமைகள் பலவற்றை முடக்கியிருந்தது. எழுத்தாளன் நாவைக் கட்டிய அதே கை கொத்தடிமையின் காலைக் கட்டவிழ்த்தது! எழுதப்பட்ட சட்டம் நன்று. அது நடைபெறவில்லையெனக் கேட்கும் நாவோ அன்று அடைபட்டிருந்தது. விடுதலை பெற்றவன் மீண்டும் கட்டுண்டால் அதனை எவர் எழுதுவர், எந்த நீதிமன்றம் கேட்கும்? நெருக்கடி நீங்கிய பின்னரே, 1982இல், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பும் அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு விலக்கிய கட்டாய உழைப்பேயாம் என உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. எனவே தறியின் உரிமையும் நாவின் உரிமையும் வேறு வேறு என்று யான் இப்போது எண்ணுவதில்லை.

சிறுவரைப் பற்றியும் ஒரு சொல். கோர்வைத் தறியில் துணைநாடா செலுத்த நெடுங்காலம் சிறுவரையே அமர்த்தி வந்தனர். பெற்றோர் பெற்ற முன்பணத்திற்கு ஈடாகப் பிறர் தறியில் அமர்ந்த சிறுவரும் பலர். 1986ஆம் ஆண்டின் சட்டமும், 14 அகவைக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாதெனக் கூறிய 2016ஆம் ஆண்டின் திருத்தமும் இதனைத் தடுக்கின்றன. பள்ளி நேரம் ஒழிந்த காலத்தில் தம் குடும்பத் தொழிலில் உதவுதற்கு விலக்கு உண்டு. நண்பரின் தந்தையார் ஒன்பது வயதில் தறியேறியவர். நண்பரோ என்னோடு ஆனர்ஸ் வகுப்பில் அமர்ந்திருக்கின்றார். தந்தை மகனைத் தறிக்கு அனுப்பும் ‘உரிமை’ குறைந்ததனால் வந்த பயன் இஃதெனின், அவ்வுரிமைக்கு இரங்குவார் யாவர்?

பொங்கல் விடுமுறையில் மீண்டும் ஓரிக்கை சென்றேன். ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கருத்தை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிச் சென்றிருந்தேன். தமையனார் அதனை இருமுறை படித்தார். “சரி தம்பி, விசைத்தறிக்காரரை அரசாங்கம் நிறுத்தி வைத்திருக்கிறது, எனக்கும் சேர்த்துத்தான் அந்த வேலி. ஒப்புக்கொள்கிறேன். இதில் அப்பாவின் முன்பணம் எங்கே வருகிறது?” என்றார். அது வேறு சட்டம் என்றேன். அவர் தாளை மடித்துத் தறிமரத்தின் இடுக்கிற் செருகினார். அதுவரை வாய் திறவாதிருந்த தந்தையார், நாடாவை நிறுத்தி, “அதையும் எழுதித் தா, தம்பி, பெரிய எழுத்தாக எழுது” என்றார்.