கடலைச் செடியின் தாகத்தை அறிவது எப்படி?

நடுப்பகல் வெயிலில் நிலக்கடலைச் செடி துவண்டு நிற்பதைக் கண்டதும் மோட்டாரைப் போட்டுவிடும் விவசாயிகள் உண்டு. கிணற்றில் நீர் குறைந்துவரும் காலத்தில் இது சரிதானா? செடி நீரை எடுக்கும் விதத்தை அறிந்தால் விடை கிடைக்கும்.

மண் துகள்களின் மேல் நீர் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கிறது. வேர் நுனியை அடுத்துள்ள நுண்ணிய தூவிகள் இந்நீரை உறிஞ்சுகின்றன. இழுக்கும் விசையோ இலையில் இருக்கிறது. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாக வெளியேற, கீழிருந்து நீர் மேலேறுகிறது. செடி எடுக்கும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படியே வெளியேறிவிடுகிறது.

மண் காயக் காய, எஞ்சிய நீரை அது இறுகப் பிடித்துக்கொள்கிறது. களிமண்ணில் ஈரம் தெரிந்தும் செடி வாடுவது இதனால்தான். மணற்பாங்கான செம்மண் நீரை எளிதில் கொடுக்கும். ஆனால் அதன் இருப்பு குறைவு.

நீர் போதாதபோது செடி இலைத்துளைகளை மூடி நீரை மிச்சப்படுத்துகிறது. அப்போது கரியமில வாயுவும் உள்ளே போக முடியாது. ஆகவே மாவுச்சத்துத் தயாரிப்பு குறைந்து, மகசூலும் குறைகிறது.

பகலில் வாடிய செடி மாலையில் நிமிர்ந்தால் அவசரம் இல்லை. மண்ணில் நீர் இருக்கிறது. காலை எட்டு மணிக்கே துவண்டிருந்தால் அரையடி ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உடனே நீர் பாய்ச்ச வேண்டும். நல்ல ஈரமிருந்தும் வாடினால், நீர் தேக்கமோ வேரழுகலோ காரணமாகலாம்; மேலும் நீர் விடுவது கெடுதலே.

கொத்து ரகங்கள் விதைத்த 25 முதல் 30 நாட்களில் பூக்கத் தொடங்கும். அதற்கு முன் பாசன இடைவெளியைச் சற்று நீட்டினாலும் செடி தாங்கிக்கொள்ளும். ஆனால் விழுது இறங்கும்போது மேல்மண் இறுகியிருந்தால் விழுது உள்ளே நுழையாது. மேலும், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே மண்ணிலிருந்து நேராக எடுக்கிறது. இறவைப் பயிருக்கு 40 முதல் 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தாலும், மேல்மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் பயன் இராது. பொக்குக் காய்களே மிஞ்சும்.

எனவே கிணற்று நீர் குறைவாக உள்ளவர்கள், விழுது இறங்கிக் காய் முற்றும் வரையுள்ள பருவத்திற்கென்று அதைச் சேமித்து வைப்பதே நலம்.