நடுநீரில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி

அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் தலைமாட்டில் ஹாவ்ர் டி கிரேஸ் என்றொரு சிற்றூர். வேட்டைக்காரர்கள் நிஜ வாத்துகளை ஈர்க்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. எனக்கு வேட்டையில் ஆசையில்லை. ஆனால் கைவேலை என்றால் நின்று பார்ப்பேன்.

வாத்து வேட்டைக்காரன் கரையோரம் என்றால் நாணலுக்குள் பதுங்கலாம். நடுநீரில் எங்கே ஒளிவது? அதற்காக அந்தக்கால ஆட்கள் செய்ததுதான் ‘சிங்க் பாக்ஸ்’. சவப்பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டி, சுற்றிலும் அகலமான பலகைச் சிறகுகள். சிறகுகளின்மேல் இரும்புப் பொம்மை வாத்துகளை ஏற்றினால் விளிம்பு நீர்மட்டம்வரை அமிழும். உள்ளே மல்லாந்து கிடப்பவன் வாத்தின் கண்ணில் படமாட்டான். பெரிய அலை வந்தால் போச்சு! வாத்துகளைக் கொன்று குவித்த இந்தப் பெட்டியை 1935இல் அரசு தடை செய்தது. சரியான தடைதான். இன்று அதனிடத்தில் தட்டையான தாழ்படகு. பிளைவுட்டும் ஃபைபர்கிளாஸும் கொண்டு வீட்டுக் கொட்டகையிலேயே கட்டுகிறார்கள்.

பொம்மையில்தான் நுணுக்கமெல்லாம். சீடார் மரத்தையோ தக்கையையோ செதுக்கி அடியில் ஈயக்கட்டி பதித்தால், கவிழ்ந்தாலும் தானே நிமிரும். ஆழநீரில் ஒவ்வொன்றுக்கும் நங்கூரம் கட்டி மாளாது. அதனால் ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கோத்து, முனைகளில் கனம் கட்டிவிடுவார்கள். காசில்லாதவர்கள் காலி பிளீச் டப்பாவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மிதக்கவிட்டதும் உண்டு. பெயின்டில் பளபளப்பு மட்டும் ஆகாது. வெயிலில் மின்னினால் வாத்துக்கூட்டம் விலகிப் போய்விடும்.