நான்காம் ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும் அடுக்கிய கார்டுகள்

மேற்கத்திய இசையில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது கார்டு. வழக்கமான கார்டு ச–க–ப என்று ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்படுகிறது. அந்தர காந்தாரம் வந்தால் அது மேஜர். சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். இதற்கு மாறாக, ச–ம இடைவெளியையோ ச–ப இடைவெளியையோ மட்டும் திரும்பத் திரும்ப அடுக்கியும் கார்டு அமைக்கலாம்.

கீபோர்டில் சட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் 5 அரைச்சுரம் மேலே இருக்கிறது. பஞ்சமம் 7 அரைச்சுரம் மேலே. இவற்றின் அதிர்வெண் விகிதங்கள் முறையே ஏறத்தாழ 4:3, 3:2. இரண்டு இடைவெளிகளும் சேர்ந்தால் 12 அரைச்சுரம், அதாவது ஒரு முழு ஸ்தாயி. அதனால் ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றொன்று கிடைக்கும். ச–ம–நி என்பது நான்குகளின், அதாவது ச–ம இடைவெளிகளின், அடுக்கு (இங்கு நி, கைசிகி நிஷாதம்). அதே ஸ்வரங்களைக் கீழ்ஸ்தாயி நிஷாதத்திலிருந்து நி–ம–ச என்று வைத்தால் ஐந்துகளின், அதாவது ச–ப இடைவெளிகளின், அடுக்கு.

நான்குகளின் அடுக்கு நெருக்கமானது. மூன்று ஸ்வரங்களும் ஒரு கைக்குள் எளிதில் அடங்கும். ஐந்துகளின் அடுக்கு ஒரு ஸ்தாயியைத் தாண்டி விரிந்து ஒலிக்கும். இரண்டிலும் காந்தாரம் இல்லாததால் மேஜர், மைனர் என்ற சாயல் எழுவதில்லை. இடைவெளிகள் சமமாக இருப்பதால் எது ஆதார ஸ்வரம் என்பதும் உறுதியாகத் தெரியாது. அடுத்த கார்டுக்குப் போயே தீர வேண்டும் என்ற உந்துதலும் குறைவு.

ஐந்து ஸ்வரங்கள் வரை அடுக்கினால் ஓர் அழகு வெளிப்படுகிறது. ச–ப–ரி–த–க என்று ஐந்துகளாக ஏறினால் கிடைப்பவை மோகன ராகத்தின் ஸ்வரங்கள். ச–ம–நி–க–த என்று நான்குகளாக ஏறினால் இந்தோளத்தின் ஸ்வரங்கள்.

ஐரோப்பாவில் 9ஆம் நூற்றாண்டு இசை நூல்களே ஒரு பாட்டை நான்காம், ஐந்தாம் ஸ்வரங்களில் இணையாகப் பாடும் முறையை விவரிக்கின்றன. பின்னர் பல நூற்றாண்டுகள் காந்தாரம் கொண்ட கார்டுகளே கோலோச்சின. 1906இல் ஆர்னால்ட் ஷோன்பெர்க் தம் முதல் சேம்பர் சிம்பொனியின் தொடக்கத்தில் ஹார்ன் கருவியை நான்குகளாகவே ஏறவைத்தார்.

ஜாஸ் இசையில் இம்முறை வேரூன்றியது பின்னர்தான். மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ‘ஸோ வாட்’ பதிவில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், மூன்று நான்குகளை அடுக்கி உச்சியில் ஒரு மேஜர் மூன்றாமிடத்தை (ச–அந்தர காந்தார இடைவெளியை) வைத்தார். கிதாரின் தாழ்ந்த சுருதியுள்ள ஐந்து தந்திகளை விரல் வைக்காமல் மீட்டினாலும் இதே இடைவெளிகள்தாம் ஒலிக்கும். 1960களில் ஜான் கோல்ட்ரேன் குழுவின் மக்காய் டைனர், நான்குகளின் அடுக்கைத் தம் இடக்கையின் முத்திரையாக்கினார். ஒரே ஸ்கேலில் நெடுநேரம் தங்கும் அவ்வகை இசைக்கு, எந்தப் பக்கமும் இழுக்காத இந்தக் கார்டுகள் இயல்பாகப் பொருந்தின.