டர்போ எஞ்சினின் ஆற்றலும் ஆயுளும்

1980-இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் வெளியிட்ட 'குவாட்ரோ' காரில் நான்கு சக்கரங்களும் எப்பொழுதும் எஞ்சினால் இயக்கப்பட்டன. அதன் 2,144 கன சென்டிமீட்டர் எஞ்சின் 200 குதிரைத் திறன் அளித்ததற்கு டர்போவே காரணம். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுள் செலுத்துகிறது. மிகுந்த காற்றில் மிகுந்த எரிபொருள் எரிந்து, திறன் பெருகுகிறது. நான்கு சக்கரங்களும் அதனைப் பகிர்ந்துகொள்வதால், வழுக்கும் பாதையிலும் அது எளிதில் வீணாவதில்லை.

ஆயினும், நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் அவ்வச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. விரைந்தோடிய எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்று, தேங்கிய எண்ணெய் வெப்பத்தால் கரியாகும், பேரிங் தேயும். பிற்கால டர்போக்களில் நீர்க்குளிர்ச்சி இத்தீங்கைக் குறைத்துள்ளது. எனினும், கடும் ஓட்டத்திற்குப்பின் எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துதலும், உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுதலும் நன்று. டர்போ பொருத்திய ஜீப்புக்கும் இது பொருந்தும்.